படிக்கட்டில் ஓடிய குளிர்காலம்

எங்கள் கதவில் முதல் கடதாசி ஒட்டப்பட்டபோது பிள்ளைகளுக்கு நாலு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இரட்டையர், இரண்டும் பெண். பதினொரு நிமிட வித்தியாசத்தில் ஒருத்தி மூத்தவள், மற்றவள் இளையவள். ஒஸ்லோவில், ஹொல்ம்லியாவில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில் குடியிருந்தோம். கடதாசியில் நோர்வேஜிய மொழியில் இரண்டே வரி. "பிள்ளைகளை வீட்டுக்குள் ஓட விடாதீர்கள். கீழேயும் மனிதர்கள் வாழ்கிறார்கள்."

கையெழுத்து இல்லை. அது யார் என்று யோசிக்கவும் தேவையில்லை. எங்களுக்கு நேர் கீழே, மூன்றாம் மாடியில், ஓய்வுபெற்ற ஒரு நோர்வேஜிய அம்மா தனியாக இருந்தார். லிஃப்டில் கண்டால் தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். நாலு வருடமாக எங்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான்.

அப்போது நான் நகரில் ஒரு பேக்கரியில் பாண் போடுகிற வேலையில் இருந்தேன். விடியுமுன் தொடங்கி மத்தியானத்தோடு முடிந்துவிடும். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. காலையில் பிள்ளைகளைப் பார்னஹாகேயில், அதுதான் பாலர் பள்ளியில், விடுவது அவள். மூன்றரை மணிக்குக் கூட்டிவருவது நான். அதன்பிறகு அவர்கள் படுக்கும்வரை என் பொறுப்பு. சனி ஞாயிறு தவிர, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கண்டு கதைப்பதே சமையலறையில் விட்டுச்செல்கிற துண்டுக் கடதாசிகளில்தான்.

இளையவளுக்கு முட்டு வருத்தம், அதுதான் ஆஸ்துமா, இருந்தது. கோடையில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. குளிர்காற்று முகத்தில் பட்டால் போதும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மைனஸ் ஐந்துக்குக் கீழே போனால் வெளியே ஓட விடவேண்டாம். வாயைச் சால்வையால் மூடிக்கொண்டு நடந்து வரலாம், அவ்வளவுதான். அதோடு இன்னொன்றும் சொன்னார். "அதற்காக இருத்தி வைக்காதீர்கள். உள்ளே நன்றாக ஓடட்டும், குதிக்கட்டும். ஓடினால்தான் நெஞ்சு பலப்படும்."

அந்த வருடம் மார்கழி பிறக்குமுன்னமே மைனஸ் பத்து வந்துவிட்டது. வந்தது போகவில்லை.

இந்த நாட்டில் பிள்ளைகளை எந்தக் குளிரிலும் வெளியே விடுவார்கள். தடித்த உடுப்பைப் போட்டுவிட்டுப் பனிக்குள் உருட்டிவிடுவார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் சிவந்த கன்னங்களோடு சிரித்துக்கொண்டுதான் திரும்பி வந்தார்கள். ஆனால் இளையவள் யன்னலோரத்தில் ஒரு மேசையில் இருந்து படத்துண்டுகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். தங்கச்சி இல்லாமல் வெளியே போகமாட்டேன் என்று மூத்தவள் வாசலில் மல்லாந்து படுத்துவிட்டாள். மூன்று நாள் இழுத்துப் பார்த்த ஆசிரியைகள் நாலாம் நாள் அவளையும் அதே மேசையில் இருத்திவிட்டார்கள். ஆக, நான் கூட்டிவரப் போகும்போது இரண்டு பேரும் காலையிலிருந்து கதிரையில் இருந்தவர்கள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சப்பாத்தைக் கழற்றமுதலே ஓட்டம் தொடங்கிவிடும். விறாந்தையின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு, அங்கிருந்து சோபாவுக்கு, சோபாவிலிருந்து நிலத்துக்கு. மரத்தளம். பழைய கட்டடம். நாலு குதிக்கால்கள்.

கீழேயிருந்து முதலில் தும்புத்தடியால் தட்டுகிற சத்தம் வந்தது. பிறகு அந்தக் கடதாசி.

நான் கீழ்ப்படிந்தேன். அதை முதலில் சொல்லிவிடவேண்டும். கடதாசிக்குப் பயப்படுகிற ஆளாகத்தான் இந்த நாடு என்னை வளர்த்திருந்தது. ஒரு கடதாசிக்காக இரண்டு வருடம் அகதி முகாமில் காத்திருந்தவன். அதற்கு முன்னர் ஊரில், போர்க்காலத்தில், ஹெலிகொப்டர் சுற்றுகிற நேரத்தில் வாயைத் திறக்காதே, அசையாதே என்று அடக்கப்பட்டு வளர்ந்தவன். சத்தம் போட்டால் ஏதாவது நடக்கும் என்பது எனக்கு உடம்பிலேயே ஊறியிருந்தது. ஆகவே கடதாசியைக் கழற்றி மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, பிள்ளைகளைச் சோபாவில் இருத்தினேன்.

"ஓடக் கூடாது. குதிக்கக் கூடாது. மெல்லமா நடக்கோணும்."

"ஏன் அப்பா?"

"கீழை ஆக்கள் இருக்கினம்."

மனைவியின் தமையன் ஒரு பை நிறைய டிவிடி கொண்டுவந்து தந்தார். "மச்சான், உதைப் போட்டுவிடும். எங்கடை வீட்டிலையும் உப்பிடித்தான். ஒரு சத்தம் வராது," என்றார். உண்மைதான், ஒரு சத்தமும் வரவில்லை. மூன்று கிழமை இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு ரீவியைப் பார்த்தார்கள். மூத்தவள் சாப்பாட்டைத் தள்ளினாள். படுக்கப் போட்டால் ஒன்பது மணிவரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இளையவள் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் என்னை உறுத்தியது, ஆனாலும் அதற்கு ஒரு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்றே என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை நகரத்தின் குறொன்லாண்டுப் பகுதிக்குச் சாமான் வாங்கப் போனோம். முருங்கைக்காய், கறிவேப்பிலை, ஒரு பெரிய பை அரிசி. கடைக்குள் மூத்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளையவளைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், பருப்புச் சாக்குகளுக்கும் தகரப் பால் அடுக்கியிருந்த தட்டுக்கும் இடையில், இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து வந்துகொண்டிருந்தாள். பனிச் சப்பாத்தோடு நுனிக்கால். ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து வைத்தாள்.

"என்ன குஞ்சு, ஏன் இப்பிடி நடக்கிறாய்?"

அவள் என்னைக் குனியச் சொல்லிச் சைகை காட்டினாள். குனிந்தேன். காதுக்குள் சொன்னாள்.

"அப்பா, கீழை ஆக்கள் இருக்கினம்."

நாங்கள் தெருவோடு இருந்த கடையில் நின்றோம். கீழே மண்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த அம்மாவில் அல்ல. என்னில். நாலு வயதுப் பிள்ளைக்கு, தன் கால் பூமியில் படுவதே ஒரு குற்றம் என்று படிப்பித்துவிட்டேன். நான் எந்தப் பயத்தை விட்டுத் தப்பி இவ்வளவு தூரம் வந்தேனோ, அதையே பொட்டலம் கட்டி அவளுடைய கையில் கொடுத்துவிட்டேன். அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலில் ஏறியபோது முடிவு எடுத்துவிட்டேன். என் பிள்ளைகள் ஓடுவார்கள். யார் என்ன கடதாசி எழுதினாலும் ஓடுவார்கள்.

அன்றைக்கே டிவிடிப் பையைக் கட்டி மச்சானிடம் திருப்பிக் கொடுத்தேன். "உமக்கென்ன விசரே?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

பிறகு வீட்டைத் தலைகீழாக்கினேன். சோபாவைச் சுவரோடு தள்ளினேன். கண்ணாடி மேசையைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் நிறுத்திவைத்தேன். எங்கள் மெத்தை இரண்டையும் இழுத்துவந்து நடு அறையில் போட்டேன். கீழே பழைய கம்பளிகளை விரித்தேன். கீழேயிருந்தவரின் தலையை உடைப்பது என் நோக்கமல்ல. சத்தம் எவ்வளவு குறையுமோ குறையட்டும். மிச்சத்தை அவர்தான் பொறுக்கவேண்டும்.

எனக்குப் பிள்ளை விளையாட்டு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. தெரிந்தது பாண் போடுவது. ஆகவே பாண் போட்டோம். குளிர்ப்போர்வையை விரித்து ஒருத்தியை நடுவில் படுக்கவைத்து, மா பிசைகிற மாதிரிப் பிசைந்து, அந்தத் தொங்கலிலிருந்து இந்தத் தொங்கல்வரை உருட்டுவேன். "மா பொங்கட்டும்" என்றால் சுருண்டு கிடந்தவள் மெல்ல மெல்ல எழும்பவேண்டும். "அடுப்பு" என்றால் அலுமாரிக்குள் ஓடவேண்டும். "வெந்துபோச்சு" என்றால் பாய்ந்து வந்து மெத்தையில் விழவேண்டும். அரிசிப் பையைப் போர்வையில் வைத்து இரண்டு பேரும் சேர்ந்து விறாந்தை நெடுக இழுத்தார்கள். பிறகு அரிசியின் இடத்தில் ஒருத்தி இருக்க மற்றவள் இழுத்தாள். சிவப்பு ஒட்டுநாடாவால் நிலத்தில் கோடு போட்டுக் கிளித்தட்டு விளையாடினோம். இரண்டு பேர் பாய, நான் கோட்டில் நின்று மறித்தேன். முப்பத்தைந்து வயதில், மா தூக்கித் தூக்கி வலியெடுத்த இடுப்போடு, பக்கவாட்டில் ஓடினேன்.

இளையவளுக்கு ஒரு சட்டம் மட்டும் வைத்தேன். மூச்சு இறுகினால் கையைத் தூக்கவேண்டும். தூக்கினால் எல்லோரும் நிற்போம். மருந்தை இரண்டு தரம் இழுப்பாள், சுவரில் சாய்ந்து நூறுவரை எண்ணுவாள், பிறகு தொடங்குவோம். முதற்கிழமை பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கை தூக்கினாள். ஆனால் நுனிக்கால் நடை நாலாம் நாளே போய்விட்டது.

அடுத்த கடதாசி கதவில் ஒட்டப்படவில்லை, தபாற்பெட்டியில் வந்தது. கட்டடச் சங்கத்தின் நிர்வாகக் குழு அனுப்பியது. தொடர்ச்சியான முறைப்பாடு வந்திருப்பதாகவும், வீட்டு விதிகளை மதிக்கும்படியும் மரியாதையாக எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மனைவி அதை வாசித்தாள். என்னைவிட அவளுக்கு அந்த மொழி நன்றாக வரும்.

"உங்களுக்கு என்ன நடந்தது? ஆக்கள் சொல்லுறதைக் கேட்டு நடந்தால் என்ன? வீட்டை விட்டு எழுப்பிப் போடுவாங்கள்."

"எழுப்பேலாது."

"என்னண்டு தெரியும்?"

"விதியை எடும். வாசிச்சுப் பாப்பம்."

வீடு எடுத்தபோது தந்த விதிப் புத்தகம் ஒன்று இருந்தது. அதை நாங்கள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. மேசையில் வைத்து ஒவ்வொரு வரியாக அவள் வாசித்துச் சொன்னாள். படுக்கிற நேரத்துக்குப் பிறகு சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடக் கூடாது. பல்கனியில் இறைச்சி சுடக் கூடாது. படிக்கட்டில் விளையாடக் கூடாது. பின்னேரம் நாலு மணிக்குத் தன் வீட்டுக்குள் பிள்ளை ஓடக் கூடாது என்று எங்கும் இல்லை. இரண்டு தரம் தேடினாள்.

"இல்லைத்தான்," என்றாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, "எண்டாலும் அந்த மனிசியோடை ஒருக்காக் கதையுங்கோ. ஒளிச்சு ஒளிச்சு ஓடுறதை விட அது நல்லது," என்றாள்.

அது நியாயமாகப் பட்டது. அடுத்த நாள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போய் மணியடித்தேன். அவர் கதவைப் பாதி திறந்தார். வீடு இருட்டாக இருந்தது. திரைகளை எல்லாம் மூடியிருந்தார். என் உடைந்த நோர்வேஜிய மொழியில், நான் மேல்வீட்டுக்காரன் என்றேன்.

"தெரியும்," என்றார். "ஒவ்வொரு நாளும் கேட்கிறேனே."

"சத்தத்துக்கு மன்னிக்கவேண்டும்."

"எனக்கு ஒற்றைத் தலைவலி. இருபது வருடமாக. நீங்கள் தொடங்குகிற நேரம்தான் நான் படுக்கிற நேரம்."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பிடிக்காத, எங்களைப் பிடிக்காத ஒரு மனுசி என்று நினைத்திருந்தேன். அவருடைய கண்ணைச் சுற்றிக் கருவளையம் இருந்தது. பொய் சொல்கிற முகம் இல்லை. ஒரு கணம் தளர்ந்துதான் போனேன்.

"வெளியே கூட்டிப் போங்களேன்," என்றார். "இங்கே பிள்ளைகள் வெளியேதான் விளையாடுவார்கள்."

இளையவளின் முட்டு வருத்தத்தைப் பற்றிச் சொன்னேன். டொக்டர் சொன்னதையும் சொன்னேன்.

"அப்படியென்றால் ரீவி பார்க்கட்டும்."

"இல்லை," என்றேன். "உங்கள் தலைவலிக்கு எனக்குக் கவலை. ஆனால் இவர்களை இருத்தி வைக்கமாட்டேன். இனிமேல் இல்லை."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு அலுப்போடு சொன்னார். "நிலக்கீழ் தளத்தில் கூட்டம் நடத்துகிற அறை ஒன்று சும்மா கிடக்கிறது. வருடத்துக்கு ஒரு தரம் திறப்பார்கள். அங்கே கொண்டுபோய்க் குதிக்கவிடுங்கள். என் தலைக்கு மேலே வேண்டாம்." கதவு மூடப்பட்டது.

அப்படி ஒரு அறை இருப்பதே எனக்குத் தெரியாது. அன்றைக்கே கீழே இறங்கி, கதவில் இருந்த சிறிய கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எங்கள் வீட்டு அறையைப் போல மூன்று மடங்கு. அடுக்கி வைத்த கதிரைகள், ஒரு கோப்பி இயந்திரம், வெறும் நிலம். மூத்தவள் கதவில் மூக்கை வைத்து, "அப்பா, இஞ்சை ஓடலாம்," என்றாள்.

நிர்வாகக் குழுத் தலைவரைப் பார்க்கப் போனேன். என் வயதுக்காரர். உயரமானவர், எப்போதும் மெல்லிய சிரிப்போடு கதைப்பவர். கேட்டுக்கொண்டார், குறித்துக்கொண்டார், யோசிக்கிறோம் என்றார். ஒரு கிழமையில் பதில் வந்தது. மன்னிக்கவும், முடியாது. சுவருக்குப் புதிதாக வர்ணம் அடித்திருக்கிறது. அத்தோடு, ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்கவேண்டி வரும்.

எல்லோருக்கும் கொடுங்களேன் என்று வாய்வரை வந்தது. கடதாசியோடு எப்படி வாதாடுவது? அன்று பின்னேரம் பிள்ளைகளுக்கு வீட்டுச் செருப்பைப் போட்டுவிட்டு, மருந்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து படிக்கட்டுக்கு வந்தேன்.

"இண்டைக்கு மலை ஏறப்போறம்," என்றேன்.

கீழ்த்தளத்திலிருந்து ஏழாம் மாடிவரை. மாடிக்குப் பதினாறு படி. வெளியே மைனஸ் பதினாலு, படிக்கட்டில் இளஞ்சூடு. முதல்நாள் மூன்றாம் மாடி வந்ததும் இரண்டு பேரும் தாமாகவே நின்றுவிட்டார்கள். அந்த அம்மாவின் கதவைப் பார்த்தார்கள். மூத்தவள் என்னைப் பார்த்து, "இதாலை மெல்லமாப் போகோணுமோ?" என்று கேட்டாள்.

"இல்லை. எல்லாரும் நடக்கிற மாதிரி நட," என்றேன்.

இளையவள் ஐந்தாம் மாடியில் கையைத் தூக்கினாள். இருந்தோம். மருந்து, நூறுவரை எண்ணுதல், பிறகு இறக்கம். அடுத்த நாளும் ஐந்து. அதற்கடுத்த நாளும் ஐந்து. இரண்டாம் கிழமையில் ஆறு. அந்த ஆறாம் மாடியில் ஒரு நாள் கதவு திறந்தது. சோமாலியத் தாய் ஒருவர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இன்னொரு முறைப்பாடு என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன்.

"ஒவ்வொரு நாளும் என்ன செய்கிறீர்கள்?"

"ஏறுகிறோம். இறங்குகிறோம்."

அவர் வீட்டுக்குள் திரும்பி ஏதோ கத்தினார். மூன்று பிள்ளைகள் வந்தார்கள். "இவர்களையும் கொண்டுபோங்கள். சோபாவை உடைத்துவிட்டார்கள்," என்றார். கதவை மூடவில்லை; சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு தானும் வந்தார்.

அதன்பிறகு நான் ஒருவரையும் கூப்பிடவில்லை. கதவுகள் தாமாகத் திறந்தன. இரண்டாம் மாடியிலிருந்து ஒரு நோர்வேஜியப் பிள்ளை, காய்ச்சல் மாறி வந்தவள், வெளியே போகக்கூடாது என்று தாய் மறித்து வைத்திருந்தாள். ஏழாம் மாடியிலிருந்து பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளைகள் ஐந்து. தை மாத முடிவில் பதினொரு பிள்ளைகள் அந்தப் படியில் ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு வேலை வைத்திருந்தோம். ஒன்றில் தவளைப் பாய்ச்சல், இரண்டில் ஒற்றைக் காலில் கெந்துவது, நாலில் பின்பக்கமாக நடப்பது. மூன்றில் மட்டும் ஒன்றும் இல்லை, சாதாரணமாக நடக்கவேண்டும். அந்தத் தலைவலிக்கு நான் கொடுத்த மரியாதை அது. பயந்து கொடுத்ததல்ல.

கட்டடம் முழுவதும் எதிரொலித்தது. இனி யாரும் நாலாம் மாடிக்கு மட்டும் கடதாசி எழுதமுடியாது.

ஒரு வியாழக்கிழமை தலைவர் வேலையால் வந்து, பனி ஒட்டிய தொப்பியோடு, முதலாம் மாடியில் எங்களுக்கு எதிரே வந்து நின்றார். தவளைகள் அவருடைய காலடியில் பாய்ந்துகொண்டிருந்தன. அவருடைய சிரிப்பு கொஞ்சம் இறுகியிருந்தது.

"இதை நிறுத்தவேண்டும். படிக்கட்டில் விளையாட அனுமதி இல்லை. விதியில் இருக்கிறது."

எனக்கு அந்த விதி தெரியும். அதற்குச் சொல்லவேண்டிய பதிலை வீட்டில் மனைவியிடம் கேட்டு, சொல்லிச் சொல்லிப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

"நாங்கள் விளையாடவில்லை. ஏறுகிறோம். இறங்குகிறோம். படி இருப்பது அதற்குத்தானே?"

அந்த நேரம் பார்த்து மூத்தவள் ஒரு பாய்ச்சல் பாய்ந்து அவருக்கு முன்னால் விழுந்து, சுத்தமான நோர்வேஜிய மொழியில், "இது விளையாட்டுத்தான்! நீங்களும் தவளையாக வரலாம்!" என்றாள்.

சோமாலியத் தாய் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு முகம் சூடாகியது. ஆனால் விலகவில்லை.

"சரி, விளையாட்டுத்தான்," என்றேன். "உங்களிடம் அறை கேட்டேன், இல்லை என்றீர்கள். வீட்டில் ஓடினால் கடிதம் போடுகிறீர்கள். வெளியே ஓடினால் இவளுக்கு மூச்சு நிற்கும். எங்கே ஓடவேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், அங்கே ஓடுகிறோம். சொல்லும்வரை இங்கேதான்."

நோர்வேக்கு வந்த நாளிலிருந்து அந்த மொழியில் நான் ஒரு மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது. இலக்கணம் எல்லாம் பிழையாக இருந்திருக்கும். அவருக்கு விளங்கியது. பதினொரு பிள்ளைகளையும் ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். பிறகு லிஃப்டை நோக்கிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை தபாற்பெட்டியில் நிலக்கீழ் அறையின் திறப்பும் ஒரு கடதாசியும் கிடந்தன. நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை. உயிர்த்தஞாயிறு வரைக்கும் மட்டும். வெளிச் சப்பாத்து உள்ளே கூடாது. பெரியவர் ஒருவர் கட்டாயம் நிற்கவேண்டும். சுவரைத் தொடக்கூடாது. முதல் தடவையாக ஒரு கடதாசியை வாசித்துச் சிரித்தேன். சுவரைத் தொடாமல் பதினொரு பிள்ளைகளா?

மாசி, பங்குனி இரண்டு மாதமும் அந்த அறை எங்களுடையது. நிலத்தில் பெரிய கிளித்தட்டு கீறினோம். "கிளி" என்ற சொல்லை நோர்வேஜியப் பிள்ளையும் சோமாலியப் பிள்ளைகளும் தமிழிலேயே கத்தினார்கள். சோமாலியத் தாய் கயிறு கொண்டுவந்து, எங்களில் யாருக்கும் வராத வேகத்தில் சுற்றினார். எனக்கு நேரமில்லாத நாட்களில் அவர் நின்றார், அவருக்கு ஏலாத நாட்களில் ஏழாம் மாடித் தகப்பன் நின்றார். படிக்கட்டையும் விடவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது லிஃப்டில் ஏறாமல் படியால்தான் ஏறினோம். பங்குனியில் ஒரு நாள் இளையவள் நாலாம் மாடியில் நிற்காமல் தொடர்ந்து ஏறினாள். ஐந்து. ஆறு. நான் மருந்தைக் கையில் பிடித்தபடி பின்னால் ஏறினேன். ஏழாம் மாடியில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, கையைத் தூக்காமல், "இன்னும் மேலை இல்லையா?" என்று கேட்டாள். எனக்குத்தான் மூச்சு இறுகியது.

மூன்றாம் மாடி அம்மா எங்களோடு நட்பாகிவிட்டார் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. நிலக்கீழ் வாசலில் கிடக்கிற சப்பாத்துகளைப் பற்றி ஒரு கடதாசி ஒட்டினார். சப்பாத்து வைக்க ஒரு தட்டு செய்து வைத்தேன். தட்டு வழியை மறிக்கிறது என்று இன்னொன்று ஒட்டினார். தட்டை ஒரு முழம் தள்ளி வைத்தேன். அதற்குமேல் தள்ளவில்லை.

சித்திரையில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அதே அறையில் நடந்தது. நாங்கள் அதற்கு ஒருநாளும் போனதில்லை. எங்களுக்கு அங்கே என்ன வேலை என்ற நினைப்பு. இந்த முறை அறிவித்தலில் ஒரு வரி இருந்தது. அறையைத் துவிச்சக்கர வண்டிகள் வைக்கிற இடமாக மாற்றுவது பற்றி வாக்கெடுப்பு. மனைவி வேலைக்கு விடுப்பு எடுத்தாள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனோம். சோமாலியத் தாய், ஏழாம் மாடிக் குடும்பம், இரண்டாம் மாடித் தாய் எல்லோரும் வந்திருந்தார்கள். வழமையாக வருகிறவர்களுக்குக் கதிரை போதவில்லை.

பேசுவதற்கு நான் ஒரு கடதாசியில் எழுதி வைத்திருந்தேன். அந்த விடயம் வந்ததும் எழும்பப் பார்த்தேன். மனைவி என் கையைப் பிடித்து இருத்திவிட்டு, தானே எழும்பினாள். எழுப்பிப் போடுவார்கள் என்று பயந்தவள்.

"நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன்," என்று தொடங்கினாள். நிதானமான, திருத்தமான நோர்வேஜிய மொழி. "அங்கே ஒவ்வொரு நாளும் வயதானவர்களை எழுப்பி நடக்க வைக்கிறோம். ஒரு நாள் இருத்திவிட்டால் அடுத்த நாள் எழும்ப மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு மட்டும் அது ஏன் வேறு என்று எனக்கு விளங்கவில்லை. துவிச்சக்கர வண்டி குளிரில் வெளியே நிற்கலாம். அதற்கு மூச்சு முட்டாது." இருந்துவிட்டாள்.

அறையில் ஒரு சிரிப்பு ஓடியது. தலைவர் வாக்குக் கேட்டார். அறை பிள்ளைகளுக்கே இருக்கட்டும் என்பவர்கள் கையைத் தூக்கவும். நாங்கள் தூக்கினோம். எங்களோடு வந்தவர்கள் தூக்கினார்கள். முன்வரிசையில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்த மூன்றாம் மாடி அம்மாவும் கையைத் தூக்கினார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர்கூட எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"என்ன பார்க்கிறீர்கள்?" என்றார் அவர். "இதைப் பூட்டினால் அவர்கள் என் தலைக்கு மேலே வந்துவிடுவார்கள்."

நாலு வாக்கால் வென்றோம். அந்த அறை நாங்கள் ஹொல்ம்லியாவில் இருந்த அடுத்த ஐந்து குளிர்காலமும் பிள்ளைகளுக்குத் திறந்திருந்தது. சுவரில் கைகளின் அடையாளம் தோளுயரம்வரை ஏறிவிட்டது. யாரும் திருப்பி வர்ணம் அடிக்கவில்லை.

கூட்டம் முடிந்து படியால் ஏறினோம். பிள்ளைகள் எங்களுக்கு முன்னாலே ஓடிவிட்டார்கள். நான் எழுதி வைத்திருந்த பேச்சை மனைவி என் சட்டைப்பையிலிருந்து எடுத்து, நடந்துகொண்டே வாசித்தாள். இரண்டாம் மாடி வரும்போது முடித்துவிட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறியள்," என்றாள். "ஆனால் நீங்கள் கதைச்சிருந்தால் தோத்திருப்பம்."

"ஓம்," என்றேன்.